இவர் தெரிந்தெடுத்த புல்வெட்டி

வெள்ளவத்தையில் பிளாட் வாங்க வருகிறவர்கள் கடல் தெரியுமா என்றுதான் முதலில் கேட்பார்கள். கால்வாய் தெரிகிற பக்கத்தை யாரும் கேட்டு வாங்குவதில்லை. எங்களுக்குக் கிடைத்தது கால்வாய்ப் பக்கம். பல வருடங்களாக அந்த யன்னலைத் திறப்பதே குறைவு. இவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்த பிறகுதான் அந்தப் பக்கம் எங்களுக்கு உதவியது.

தினமும் நடக்க வேண்டும், சமதரையில் நடக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். காலி வீதி நடைபாதையில் நல்ல கால் உள்ளவர்களே பழக்கூடைகளுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் விலகி விலகித்தான் போகவேண்டும். கடற்கரைக்குப் போவதென்றால் தண்டவாளத்தைக் கடக்க வேண்டும். கால்வாய்க் கரையில் கல் பதித்த ஒடுக்கமான பாதை ஒன்று பாலம் வரை போகிறது. அதில் வாகனம் வராது. காலையில் இவர் என் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு அதில் நடப்பார். மற்றக் கை தன்பாட்டில் ஆடிக்கொண்டிருக்கும்.

இவர் கப்பல்களில் எஞ்சினியராக இருந்தவர். கல்யாணம் முடித்த காலத்தில் மாதக்கணக்கில் வீட்டில் இருக்கமாட்டார். வந்தால் வீட்டில் உள்ள மின்விசிறி, தண்ணீர்ப் பம்பி, என் தையல் மெஷின் எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டுவார். சட்டைப் பொத்தானைப் பூட்ட இப்போது நான் வேண்டும். அதை இவர் ஒருநாளும் பெரிதாகச் சொல்லிக்கொண்டதில்லை. பொத்தான் பூட்டும்போது என் முகத்தைப் பார்க்காமல் யன்னலைப் பார்ப்பார், அவ்வளவுதான்.

அந்த வருடம் மழை விடாமல் பெய்தது. இரண்டு பக்கத்துப் புல்லும் பாதையை மூடிக்கொண்டு இடுப்பளவுக்கு வளர்ந்துவிட்டது. கீழ்மாடியில் இருக்கும் பெண்ணின் காலடியில் ஒரு பாம்பு குறுக்கே ஓடியதாகக் கேள்விப்பட்டபின் ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. நாங்கள் பிளாட்டின் கார்த் தரிப்பிடத்தில் தூண்களைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். சில நாட்களிலேயே இவருக்கு அது அலுத்துவிட்டது. “செக்கு மாடு மாதிரி,” என்று சொல்லிவிட்டு மேலே வந்து படுத்துக்கொண்டார்.

எதிர் பிளாட்டில் சுங்கத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு முஸ்லிம் மனிதர் இருக்கிறார். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் புல்லை வெட்டச் சொல்லி இரண்டு அலுவலகங்களுக்கு ஏறி இறங்கினார். அந்தக் கரை மற்ற அலுவலகத்துக்குச் சொந்தம் என்று இரண்டிலும் சொன்னார்களாம். கடைசியில் ஒழுங்கையில் உள்ளவர்களைச் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்களே வெட்டுவது என்று முடிவானது. முதல் ஞாயிறு கத்திகளோடு இறங்கியவர்கள் எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் எல்லாம் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள். மத்தியானத்துக்குள் ஒவ்வொருவராக இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். பாதையில் ஒரு துண்டுதான் வெளித்திருந்தது. அன்றே எல்லோருமாகச் சேர்ந்து ஒரு மெஷின் வாங்கலாம் என்று பேச்சு வந்தது.

நானா எங்கள் வீட்டுக்கு வந்தார். “ஸேர், நீங்கதான் மெஷினப் பாத்துச் செல்லணும். எங்களுக்கு இந்த விஷயம் ஒண்டும் வெளங்காது.”

இவர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஓம், பாப்பம்,” என்றார். அந்த இரண்டு சொல்லில் இருந்த குரலை நான் கேட்டுக் கனகாலம்.

அடுத்த சில நாட்கள் எங்கள் வீட்டில் புல்வெட்டியைத் தவிர வேறு கதை இல்லை. இவர் ஐபாட்டை மேசையில் சாய்த்து வைத்து, எந்தெந்த நாட்டிலோ காட்டுப் பாதைகளைத் துப்புரவாக்கும் ஆட்களின் வீடியோக்களைப் பார்த்தார். இரவுச் சாப்பாட்டுக்கு இருக்கும்போதும் அதுதான்.

“இஞ்ச பாரும்,” என்றார் ஒருநாள், பிட்டைப் பிசைவதை நிறுத்திவிட்டு. “இரும்பு அலகெண்டா தடிச்ச தண்டையும் வெட்டும். ஆனா எங்கட பாதையில கல்லிருக்கு, கம்பி வேலியிருக்கு. அலகு கல்லில பட்டா மெஷின் பிடிக்கிற ஆளையே திருப்பி அடிக்கும். நூலெண்டா அறுந்துபோகும், அவ்வளவுதான்.”

“நூலெண்டா? தையல் நூலோ?”

“சும்மா போம். மீன் பிடிக்கிற தங்கூஸ் மாதிரி. அதைவிடத் தடிப்பு. அது சுத்துற வேகத்திலதான் புல்லு அறுபடும்.”

“அப்ப பற்றறியில ஓடுறதை வாங்கலாமே. பாரம் குறைவெண்டு அதில சொல்லினம்.”

“அந்தத் தண்டு தடிச்ச கினிப் புல்லுக்குப் பற்றறி காணாது. பெற்றோல்தான் வேணும்.”

“ஆர் பிடிக்கிறது?”

“நான்தான். வேற ஆர்?”

நான் சம்பலை இவர் பக்கம் தள்ளி வைத்தேன். சாப்பாட்டுக் கோப்பையின் விளிம்பில் இவருடைய விரல்கள் தட்டிக்கொண்டே இருந்தன. ஏதாவது சொல்லியிருக்கலாம். என்ன சொல்வது? இத்தனை மாதங்களுக்குப் பிறகு இந்த மனிதர் ஒரு விஷயத்துக்காகக் காலையில் எழும்புகிறார். அதை என் வாயால் எப்படிக் கெடுப்பது?

பழைய சோனகத் தெருவுக்கு மூன்று பேரும் ஓட்டோவில் போனோம். இரும்புச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. நானாவுக்குத் தெரிந்த கடையில், நடுத்தர வயதுள்ள சிங்கள விற்பனையாளர் ஒருவர் எங்களைக் கவனித்தார். இவர் சிங்களத்திலேயே கேள்வி கேட்டார். எஞ்சின் எத்தனை சீசீ, தண்டு நேரானதா வளைந்ததா, நூல் அறுந்தால் தானாக இறங்குமா கையால் இழுக்கவேண்டுமா, தோள் பட்டி இரண்டு தோளுக்கும் வருமா. விற்பனையாளரின் முகத்தில் மரியாதை ஏறுவதை நான் பார்த்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவர் பெற்றோல் மெஷின் ஒன்றைத் தரையில் வைத்து, கொஞ்சம் எண்ணெய் கலந்த பெற்றோல் விட்டு, கயிற்றின் பிடியை இவரிடம் நீட்டினார்.

“எதலா பலன்ன, மஹத்தயா.” இழுத்துப் பாருங்கள் ஐயா.

இவர் குனிந்து பிடியைப் பிடித்தார். இழுத்தார். கை பாதியில் நின்றது. எஞ்சின் ஒரு இருமல் இருமிவிட்டு அடங்கியது. திரும்பவும் இழுத்தார். இந்த முறை பிடியே கையிலிருந்து நழுவி, கயிறு சரக்கென்று உள்ளே ஓடியது. மூன்றாம் தரம் கை பிடியைத் தேடிப் போனது, ஆனால் பிடிக்கவில்லை. அதற்கு மேலே, காற்றில், நடுங்கிக்கொண்டே நின்றது. விற்பனையாளர் என்னைப் பார்த்தார். பக்கத்தில் ஆணி வாங்க வந்த இருவரும் பார்த்தார்கள். நான் இவருடைய பையையும் தண்ணீர்ப் போத்தலையும் பிடித்தபடி நின்றேன். போய் அந்தக் கையைப் பிடிக்கலாமா, பிடித்தால் இவருக்கு அது இன்னும் வெட்கமா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் அப்படியே நின்றேன்.

நானாதான் முன்னுக்கு வந்தார். “ஸேர், இது வாணாம். எனக்கும் இந்தத் தோள் ஏலாது. எங்கட ஆக்கள்ல ஒருத்தருக்கும் இதை இழுக்க ஏலாது. பட்டன் அமத்தினா வேல செய்றது ஒண்டு எடுப்பமே.”

நானாவின் தோளில் ஒரு குறையும் இல்லை. அவர் வாரத்தில் இரண்டு நாள் பட்மின்டன் விளையாடுகிறவர். இவருக்கும் அது தெரியும்.

இவர் மெதுவாக நிமிர்ந்தார். பற்றறி மெஷினை எடுத்துவரச் சொன்னார். அதன் தண்டைத் தடவிப் பார்த்தார், பட்டனை அமத்திப் பார்த்தார். “ஓம், இது நல்லம். பாரமில்லை. காலமையில சத்தமும் வராது,” என்றார். நானா சந்தோஷப்பட்டார். அதையே கட்டித் தரச் சொன்னோம்.

திரும்பி வரும்போது நானா ட்ரைவருக்குப் பக்கத்தில் தொற்றிக்கொண்டு, அவரோடு ஏதோ பேசிக்கொண்டு வந்தார். எங்கள் முழங்கால்களுக்குக் குறுக்கே அந்த நீளப் பெட்டி. கொள்ளுப்பிட்டி தாண்டும்போது இவர் என் காதருகே சொன்னார்: “அந்தப் பெற்றோல் மெஷின்தான் சரி. இது அந்தப் புல்லுக்குக் காணாது.”

“அப்ப ஏன் இதைச் சொன்னீங்கள்?”

இவர் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு கடல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

இவர் சொன்னபடியேதான் நடந்தது. ஞாயிறு காலை, பாதையோரத்து இளம்புல்லை அந்த மெஷின் அழகாக வெட்டியது. எல்லோரும் கைதட்டினார்கள். கினிப் புல் தொடங்கிய இடத்தில் நூல் தண்டுகளைச் சுற்றிக்கொண்டு நின்றுபோனது. சுற்றியதை அவிழ்ப்பதும் திரும்பத் தொடங்குவதுமாகக் கொஞ்சத் தூரம் போனார்கள். பிறகு பற்றறி முடிந்துவிட்டது. ஒழுங்கை முனையில் இருக்கிற ஒருவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு, “எஞ்சினியர் பாத்து எடுத்த சாமானாம்,” என்றார். மெதுவாகத்தான் சொன்னார். நான் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்டது. இவருக்கும் கேட்டது. கடையில் நடந்ததைச் சொன்னால் இவருடைய அறிவைக் காப்பாற்றலாம். ஆனால் கையைக் காட்டிக்கொடுக்க வேண்டும். நான் தேத்தண்ணியை ஊற்றி முடித்தேன்.

இவர் பிளாஸ்டிக் கதிரையின் கைகளைப் பிடித்து எழும்பினார். எழும்பி நிற்கச் சற்று நேரம் எடுத்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“நான் பிழையாத்தான் எடுத்தனான்,” என்றார். “பெற்றோல் மெஷின் எடுக்க வேணுமெண்டு எனக்குத் தெரியும். அதின்ர கயிறு எனக்கு இழுபடேல்லை. எனக்கு இழுபடாததை நீங்கள் பிடிக்கிறதைப் பாக்க மனம் வரேல்லை. அதுதான் விஷயம். அடுத்த கிழமை போய் அதை எடுங்கோ. இது ஓரம் வெட்ட உதவும்.”

தொப்பிக்காரர் தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நானா வந்து, “ஸேர், இரிங்க, இரிங்க,” என்று கதிரையைப் பின்னால் தள்ளிக் கொடுத்தார். நான் கால்வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோபமா, அழுகையா, எது வந்தது என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

அடுத்த கிழமை நானாவும் தொப்பிக்காரரும் போய்ப் பெற்றோல் மெஷின் எடுத்து வந்தார்கள். அதைத் தொப்பிக்காரர்தான் பிடிக்கிறார். பாலம் வரை பாதை வெளித்தது. நாங்கள் திரும்பவும் காலையில் நடக்கத் தொடங்கினோம். ஆனால் பாதை அடைபட்டிருந்த அந்த மாதங்களில் நோய் நிற்கவில்லை. முன்பு பாலத்தில் திரும்புவோம். இப்போது பாதி வழியில் உள்ள மரத்தடியில் திரும்புகிறோம். புல்லும் நிற்பதில்லை. ஒரு கிழமை வெட்டினால் அடுத்த கிழமை முளைத்துவிடுகிறது. ஞாயிறுகளில் வருகிற ஆட்களும் குறைந்துவிட்டார்கள்.

போன ஞாயிறு மரத்தடிக்கு முன்னமே இவருடைய கால்கள் நின்றுவிட்டன. அது இந்த நோயில் வரும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். பாதங்கள் தரையோடு ஒட்டினதுபோல அசையாது. முன்னால் ஒரு தடையும் இல்லை. புதிதாக வெட்டின, சுத்தமான பாதை. “காலைத் தூக்குங்கோ. ஒண்டு, ரெண்டு,” என்று நான் எண்ணினேன். இவர் முழு உடம்பாலும் முயற்சி செய்வது தோளில் இருந்த கையில் தெரிந்தது. கால் எழும்பவில்லை.

பின்னாலிருந்து மெஷின் சத்தம் கிட்ட வந்தது. பாதை ஒடுக்கம், எங்களைத் தாண்டிப் போக முடியாது. தொப்பிக்காரர் எஞ்சினை நிறுத்தினார். திரும்பத் தொடங்குவதற்குத் தான் எத்தனை தரம் அந்தக் கயிற்றை இழுக்கவேண்டி வரும் என்று அவருக்குத் தெரியும். மெஷினைத் தோளிலேயே வைத்துக்கொண்டு, எங்களைப் பாராமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அவசரமில்லை ஐயா,” என்றார்.

நான் திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.