உச்சிமாகாளியும் உள்ளூர்க் காக்கைகளும்

உச்சிமாகாளி ரிட்டயர் ஆகிப் பதினொரு மாதம் ஆகிறது. முப்பத்து நாலு வருஷம் மின்வாரியத்தில் வயர்மேன். சங்கரன்கோவிலிலும் சுற்றியுள்ள பட்டிகளிலும் அவர் ஏறாத கம்பம் கிடையாது. ரிட்டயர் ஆனவர்கள் பொழுது போகவில்லை என்று புலம்புவதைக் கேட்டால் அவருக்குச் சிரிப்புத்தான் வரும். அவருக்குப் பொழுது போதவில்லை.

காலையில் காபி டம்ளரோடு புறவாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஒரு வேம்பு, ஒரு முருங்கை, ஒரு துவைகல். தோட்டம் என்று சொன்னால் தோட்டமே சண்டைக்கு வரும். ஆனால் வந்துபோகிறவர்களுக்குக் குறைவில்லை. தவிட்டுக்குருவிகள் ஏழெட்டுச் சேர்ந்து இறங்கி, கல்யாண வீட்டுப் பெண்கள் மாதிரி ஒரே சமயத்தில் பேசும். எட்டு மணிவாக்கில் ஒரு கீரி சுவர் ஓட்டை வழியாக வரும். அது பத்து நிமிஷம் தாமதித்தால் அவருக்கு என்னவோ ஏதோ என்றிருக்கும். எப்போதாவது ஒரு சாரைப்பாம்பும் போகும். அதை அடிக்க அவர் மனைவி கோமதித்தாய் விடமாட்டாள். கோமதி அம்மனுக்கு ஒரு வெள்ளி நாகம் நேர்ந்துகொண்டு, பாம்பு போன வழியில் புற்றுமண்ணைக் கரைத்துத் தெளித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள்.

மத்தியானம் ஒரு தூக்கம். பிறகு பஸ் ஸ்டாண்டு. எந்த பஸ்ஸில் ஜன்னலோரம் காலியாக இருக்கிறதோ அதுதான் அன்றைக்கு அவர் போக வேண்டிய ஊர். இறங்கி ஒரு டீ, ஒரு வடை, கொஞ்சம் வேடிக்கை, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். எல்லா ஊரையும் கம்பத்து உச்சியிலிருந்தே பார்த்தவருக்கு உட்கார்ந்து பார்ப்பது பெரிய சுகமாக இருந்தது.

இத்தனை சுகத்திலும் ஒரே ஒரு தொல்லை, காக்கைகள்.

காக்கை கம்பத்திலும் டிரான்ஸ்பார்மரிலும் கூடு கட்டும். சுள்ளி போதாதென்று கட்டுக்கம்பித் துண்டுகளையும் பொறுக்கிக் கொண்டுவந்து செருகும். அந்தக் கம்பி லைனில் பட்டால் தெருவே இருட்டு. அதனால் கூட்டைப் பிரித்துப் போடுவது வயர்மேன் வேலை. எத்தனை கூடு பிரித்தார் என்பது அவருக்கே தெரியாது. முட்டையோடு இருந்த கூடுகளும் உண்டு. காக்காய்க்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே. அவை முகத்தை மறக்கவில்லை. உச்சிமாகாளி தெருவில் இறங்கினால் போதும், ஒன்று கத்தும், பத்து கூடும், பின்னந்தலையில் பட்டென்று ஒரு அடி விழும். துண்டை முண்டாசாகக் கட்டாமல் அவர் வெளியே போவதில்லை.

சமாதானத்துக்கு அவரும் சேவு போட்டுப் பார்த்தார், பூந்தி போட்டுப் பார்த்தார். அவர் தலை தெரிகிறவரை ஒன்றும் இறங்காது. டீக்கடை வீரபாண்டி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். "சர்வீஸ்ல ஒரு ஆபீசரக்கூட காக்கா பிடிக்காத மனுசன், இப்ப காக்காயவே காக்கா பிடிக்காரு வே!" உச்சிமாகாளியும் சேர்ந்து சிரித்தார்.

தை அமாவாசையோடு அந்தச் சிரிப்பு நின்றது. அவர் வேலையில் இருந்தவரை அமாவாசைக்குச் சோறு வைத்துக் காக்கையைக் கூப்பிட்டதெல்லாம் அவருடைய அம்மாதான். அவள் போய்விட்டதால் இந்தத் தடவை அவளுக்கே அவர் சோறு வைத்தார். வேம்பு நிறையக் காக்கைகள் உட்கார்ந்து கத்தின. ஒன்றும் இலையைத் தொடவில்லை. கடையநல்லூரில் வாழ்க்கைப்பட்ட தங்கை சுமதி அன்று வந்திருந்தாள். பசி பொறுக்காமல் சொன்னாள்.

"அம்மைக்கு ஒங்க மேல என்னமோ மனத்தாங்கல் இருக்குண்ணே. அதான் வாய் வைக்க மாட்டேங்கா."

அவள் சொல்லிவிட்டு மறந்துவிட்டாள். அவரால் மறக்க முடியவில்லை. கூடு பிரித்த பகைதான் என்று புத்திக்குத் தெரியும். ஆனால் மனத்தாங்கலுக்கும் காரணம் இருந்தது. போன வைகாசியில் சூறைக்காற்று அடித்து இளையரசனேந்தல் பக்கம் லைன் அறுந்து கிடந்தது. மத்தியானம் கோமதித்தாய் போன் செய்தாள். "அத்த ஒங்களக் கேக்காவ. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க." "முடிச்சிட்டு வாரேன்" என்றார். ஒரு மணி நேர வேலை ஐந்து மணி நேரம் இழுத்தது. அவர் வரும்போது அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததுதான் அவரை அறுத்தது.

வருஷத் திதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவர் புளியங்குடிக்குப் போயிருந்தார். எலுமிச்சை மண்டிக்குப் பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வடையைப் பிய்த்தார். ஒரு காக்கை வந்து அதே பெஞ்சின் மறு நுனியில் உட்கார்ந்தது. அவரைப் பார்த்தது. கத்தவில்லை. கைக்குப் பக்கத்தில் கிடந்த வடைத் துண்டை எடுத்துக்கொண்டு போயிற்று. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. புளியங்குடியில் அவர் ஒருநாளும் வேலை பார்த்ததில்லை. இந்த ஊர்க் காக்கைகளுக்கு அவர் யாரென்றே தெரியாது.

வீட்டுக்கு வந்து யோசனையைச் சொன்னதும் கோமதித்தாய் வாயில் கை வைத்தாள்.

"அத்தைக்குச் சோறு வைக்க பஸ் ஏறிப் போறதா? கேட்டா ஊரு சிரிக்கும்."

"சிரிச்சா சிரிக்கட்டும். அவ திங்கணும்லா?"

அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் பரணிலிருந்து தூக்குச்சட்டியை இறக்கினாள்.

திதியன்று தர்ப்பணம் முடிந்ததும் தூக்குச்சட்டியில் சோறும் பருப்பும் பாயசமும் வாங்கிக்கொண்டு பத்து மணி பஸ்ஸில் ஏறினார். மடியில் சுருட்டிய வாழை இலை. மண்டிக்குப் பின்னால் ஒரு மதில் சுவரில் இலையை விரித்துப் பரிமாறி, "கா... கா..." என்றார். இரண்டாவது தடவை கூப்பிடுவதற்குள் நாலு காக்கைகள் வந்துவிட்டன. ஐந்து நிமிஷத்தில் பாயசம்கூட மிச்சமில்லை.

அவருக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. கடைசிக் காக்கை அலகைச் சுவரில் தேய்த்துவிட்டு, அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பறந்தது. அவருடைய அம்மா அப்படிப்பட்டவள் இல்லை. அவரை ஏசாமல் அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்காது. பிந்தி வந்தால் ஏசுவாள், கையில் காயத்தோடு வந்தால் அதற்கும் ஏசுவாள். "ஏலே, போஸ்ட்லயே குடியிருக்க வேண்டியதான, வீட்டுக்கு எதுக்கு வாற?" என்று தொடங்கினால் தெரு கேட்கும். மூச்சு வாங்க ஏசி முடித்த பிறகுதான் தட்டை எடுத்து வைப்பாள். அவரை யாரென்றே தெரியாத காக்கை எப்படி அவளாகும்? உச்சிமாகாளி வெறும் தூக்குச்சட்டியோடு அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்.

வீட்டில் சுமதியும் கோமதித்தாயும் பட்டினியாகக் காத்திருந்தார்கள்.

"தின்னுச்சாண்ணே?"

"தின்னுச்சு. ஆனா அது நம்ம அம்மை இல்ல."

சுமதி அண்ணியைப் பார்த்தாள். அவர் வேறொரு இலையில் தன் கையாலேயே பரிமாறி எடுத்துக்கொண்டு புறவாசலுக்குப் போனார். சுவர்மேல் இலையை வைத்து, முண்டாசையும் அவிழ்த்துவிட்டு, உள்ளே வராமல் பக்கத்திலேயே நின்றார். வேம்பிலிருந்து கத்தல் கிளம்பியது. ஒரு காக்கை சரிந்து வந்து உச்சந்தலையில் அடித்துவிட்டுத் திரும்பிப் போய்க் கொம்பில் உட்கார்ந்து கத்தியது. மறுபடி வந்து அடித்தது. அவர் கையைக்கூடத் தூக்கவில்லை.

"வந்திருக்கணும்மா," என்றார் மரத்தைப் பார்த்து. "லைன் கெடந்தா கெடக்குன்னு போட்டுட்டு ஓடி வந்திருக்கணும். வரல. தப்புதான்." கண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. காக்கை விடாமல் கத்தியது.

கோமதித்தாய் அடுக்களை வாசலில் நின்று பதறினாள். "தலையில ரத்தம் வருதுங்க. இங்கன வாங்க. நீங்க நின்னா அது எப்படி எறங்கும்?"

"நீ சும்மா இருட்டி," என்றார் உச்சிமாகாளி. "அவ ஏசி முடிக்கட்டும். முடிச்சாத்தான் திம்பா."