கறுத்துப்போன கைப்பிடி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனால் ஒருநாள் சபையில் மானம் போயிருக்க வேண்டியது. காப்பாற்றியவர் என் ஓரகத்தி, கணவருடைய அண்ணன் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இன்றைக்கும் அவரை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

எண்பத்தைந்தோ எண்பத்தாறோ, வருஷம் சரியாக நினைவில்லை. திண்டிவனத்தில் ஒரே வீட்டில் இருந்தோம். அக்காவின் தம்பி பாரீஸிலிருந்து அவருக்கு ஒரு ஹேண்ட்பேக் கொண்டுவந்து கொடுத்தார். பெயர்போன கம்பெனியின் தோல் பை. எனக்கும் அதேபோல் வேண்டும் என்று மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டேன். என் கணவர் மாதக்கணக்கில் ஓவர்டைம் பார்த்து, மெட்ராஸில் யாரிடமோ பாரின் சரக்கு என்று நம்பி ஒன்றை வாங்கிவந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. புதுச் சாமான் எதையும் உறையோடு வைத்திருக்கிற எங்கள் வழக்கப்படி, கைப்பிடியில் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்கவில்லை. அக்காவோ தன் பையைக் கடைத்தெருவுக்குக்கூட எடுத்துப் போவார். ஒரே வருஷத்தில் கைப்பிடி கறுத்துவிட்டது.

விழுப்புரத்தில் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. என் வாய் சும்மா இருக்குமா? அக்காவின் பை டூப்ளிகேட், சாயம் கறுத்துப்போச்சு, தம்பியை யாரோ நன்றாக ஏமாற்றிவிட்டார்கள், என்னுடையதைப் பாருங்கள் என்று எல்லார் முன்பும் சொல்லிவிட்டேன். பெண்கள் சிரித்தார்கள். அக்காவின் முகம் சுண்டிப்போனது.

வளைகாப்புக்கு வந்திருந்த உறவுக்காரர் ஒருவர் பாரீஸில் தோல் பை விற்கிற கடையில் வேலை பார்த்தவர். விடுவேனா? இரண்டு பையையும் அவர் கையில் கொடுத்து, எது அசல் என்று கேட்டேன். என் பையின் உள்தையலைத் திருப்பிப் பார்த்தவர் ஏதோ சொல்ல வந்தார். அக்கா அவரைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினார். ரெண்டும் நல்ல பைதான் என்று சொல்லி, அந்த மனிதர் பைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு மனசு ஆறவில்லை. அவர் கை கழுவப் போனபோது நானும் பின்னாலேயே போய் மறுபடி கேட்டேன்.

"நெசத் தோலுன்னா கைவேர்வை பட்டுப்பட்டுக் கறுக்கும்மா. உன்னுது ரெக்சின், தோலே இல்ல."

நேராகப் போய் அக்காவிடம், எல்லாரிடமும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"பேசாம இரு. வெளிய உன் வீட்டுக்காரரு பந்தி பரிமாறிக்கினு இருக்காரு. ஆசையா வாங்கியாந்தவரு. அவுரு காதுல வுழணுமா?"

தன் தம்பிக்கு வந்த கெட்ட பேரை விழுங்கிக்கொண்டு, என் கணவர் மனசு நோகக் கூடாது என்று பார்த்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனாலும் பெண்களிடம் போய்ப் பாதியையாவது சொன்னேன்: அக்காவுடையது அசல், நான் பேசியது தப்பு, நிஜத் தோல் கறுக்கும்.

அப்படியானால் உன்னுடையது ஏன் கறுக்கவில்லை என்று நாத்தனார் கேட்டார்.

"பிளாஸ்டிக்கு சுத்தி வெச்சிருந்தா எப்பிடிக் கறுக்கும்?" என்றார் அக்கா.

மறுநாள் காலையில் என் கணவர் வேலைக்குக் கிளம்பியதும், அக்கா பிரவுன் ஷூ பாலிஷும் பழந்துணியுமாக வந்து உட்கார்ந்தார். பிளாஸ்டிக்கைப் பிரிக்கச் சொன்னார்.

"கைப்பிடியில ஒரேடியா பூசிடாத. நெசத் தோலு மெள்ளத்தான் கறுக்கும். மாசத்துக்குக் கொஞ்சம் பூசு."