கயிறில்லாத லிஃப்ட்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வாரமெல்லாம் கிரீஸும் கம்பிக்கயிறும், நடுவில் சிக்கிக்கொண்டவர்களின் கூப்பாடும்தான். ஞாயிறு பிற்பகல் மட்டும் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவர் வைத்ததுதான் சட்டம். அங்கே நடப்பது கதை சொல்லி ஆடும் ஒரு விளையாட்டு. அவர் கற்பனையில் கட்டிய கோபுர நகரத்தில் ரோபோக்களும் மந்திரவாதிகளும் அக்கம்பக்கத்தில் குடியிருந்தார்கள். விளையாட வருபவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்து, என்ன செய்யப்போகிறோம் என்று சொல்வார்கள். மந்திரம் பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். அந்தப் பகடையை அவர் மேசை நடுவில் எல்லார் கண்ணெதிரேயும் உருட்டுவார். வேடம் செத்தால் செத்ததுதான், ஆடியவர் எழுந்துபோக வேண்டியதுதான். ஆள் பார்த்துச் சலுகை கிடையாது.

அந்தச் சட்டமே இப்போது அவர் கழுத்தைப் பிடித்தது.

மகன் அவரோடு பேசி ஒரு வருஷம் ஆகிறது. அவன் வேலையை விட்ட விஷயத்தில் வாய்த்தகராறு முற்றி, கதவு திறந்துதான் இருக்கிறது, போ என்று இவர் சொல்லிவிட்டார். அவனும் போய்விட்டான். ரோஷத்தில் அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு மட்டும் வருவான். அவனுடைய மந்திரவாதி பேசுவான், மகன் பேசமாட்டான். மந்திரவாதி செத்தால் இந்த வீட்டுப் படியேற அவனுக்கு வேறு சாக்கு இல்லை. இயந்திரக்காரி வேடம் போட்டு, கண்ட இடத்திலெல்லாம் இரும்பைப் பொருத்திக்கொண்டிருந்த அம்மாவுக்கும் அது தெரியும்.

அன்று மந்திரவாதி கோபுர லிஃப்டில் ஏறினான். கயிறில்லாத லிஃப்ட், மந்திரம்தான் தாங்கும். பாதி வழியில் எதிரி மந்திரத்தை அறுத்தான். திரும்பக் கட்ட ஒரே வாய்ப்பு. கூட ஆடிக்கொண்டிருந்த மச்சான் தேநீரைக் கீழே வைத்துவிட்டார். பகடையைக் கொஞ்சம் மறைத்து உருட்டினால் யார் குடி முழுகிவிடும் என்று மெக்கானிக்கின் மனசு பேரம் பேசியது. ஆனால் மகன் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா இரக்கப்பட்டார் என்று தெரிந்தால் அதற்காகவே வராமல் போய்விடுவான்.

மேசை நடுவில் உருட்டினார். ஒன்று விழுந்தது. அதற்குக் கீழே எண்ணே கிடையாது.

"லிஃப்ட் விழுது" என்றார். மகன் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான்.

"அடியில பிரேக் இருக்குங்க" என்றாள் இயந்திரக்காரி மனைவி.

போன மாத ஆட்டத்தில் அவள் அதைப் பொருத்தியபோது மேசையே சிரித்தது. மந்திர லிஃப்டுக்குப் பிரேக்கா என்று அதிகம் சிரித்தவர் மெக்கானிக்தான். பிரேக் சோதிக்காமல் ஒரு லிஃப்டையும் ஓடவிடாத மனுஷன், சொந்த உலகத்தில் அதை மறந்து தொலைத்திருந்தார். மந்திரத்துக்குத்தான் பகடை. ஒழுங்காகப் பொருத்திய இரும்புக்குப் பகடை தேவையில்லை. அதுவும் அவர் வைத்த சட்டமே.

"பிரேக் பிடிச்சிருச்சு. பாதியில நிக்குது" என்றார். பிறகு, சிக்கிக்கொண்ட எல்லாரிடமும் தினமும் சொல்வதையே சொன்னார். ஆனால் இந்த முறை குரல் உடைந்தது.

"கதவை நீயா திறக்காத. நான் வெளியிலதான் நிக்கிறேன்."

மகன் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்து உட்கார்ந்தான்.

"சரிப்பா, இருக்கேன்" என்றான்.