பம்புசெட் காலண்டரில் மாலினி மிஸ்

போன சனிக்கிழமை, விஜயநகரில் என் மகள் படிக்கும் ஸ்கூலில் அவசரக் கூட்டம். யூ.கே.ஜி. பெற்றோர் தவறாமல் வர வேண்டுமென்று சர்க்குலர். விஷயம் என்னவென்று அதில் இல்லை. ஆனால் கேட் அருகே ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் எனக்கும் என் மனைவிக்கும் சேதி வந்துவிட்டது – மாலினி மிஸ்ஸை வேலையை விட்டு அனுப்பப்போகிறார்கள்!

மாலினி மிஸ் என் மகளின் டீச்சர். வயது முப்பத்தைந்து இருக்கும். குரலை உயர்த்தாமலே முப்பது வாண்டுகளை உட்காரவைக்கிறவர்.

ஹெட்மிஸ்ட்ரஸ் தொண்டையைக் கனைத்ததுமே முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். எங்களைப் போலவே இந்தக் கன்னட ஊருக்குப் பிழைக்கவந்த தமிழ்க்காரர்தான். ஏதோ ஃபாக்டரியில் சூப்பர்வைசர். கையிலிருந்த தாளை மேஜைமேல் வைத்தார்.

பழைய காலண்டர் தாள். நீச்சல் உடையில், இடுப்பில் கைவைத்தபடி இருபது வயது மாலினி மிஸ்! கீழே ஒரு பம்புசெட் கம்பெனியின் பெயர். (பம்புசெட் விற்க நீச்சல் உடை எதற்கு? இரண்டுக்கும் தண்ணீர்தான் சம்பந்தம் என்று நினைத்துவிட்டார்கள் போல...)

"நோடி மேடம், பாருங்க! இவங்களா நம்ம குழந்தைங்களுக்கு டீச்சர்?" என்று கன்னடத்தில் முழங்கினார்.

மாலினி மிஸ் எழுந்தார். அவரும் கன்னடத்திலேயே சொன்னார்.

"நான்தான் மேடம். இருபது வயசுல சம்பளத்துக்குப் பண்ணின வேலை. அப்புறம் ரிசப்ஷனிஸ்டா இருந்தேன்... அந்த ஆபீசுக்கு இந்தப் படம் வந்துச்சு. தேவராஜ மொஹல்லாவுல பியூட்டி பார்லர் வச்சேன்... அங்கேயும் வந்துச்சு. கஷ்டப்பட்டுப் படிச்சு டீச்சர் ஆனேன். இதுவும் போச்சுன்னா எங்கே போறதுன்னு எனக்குத் தெரியலை."

ஹெட்மிஸ்ட்ரஸ் முன்னால் டைப் அடித்த கடிதம் தயாராக இருந்தது. கையெழுத்துதான் பாக்கி. பேனா மூடியைக் கழற்றினார்.

அப்போது சூப்பர்வைசரின் மனைவி எழுந்து வந்து அந்தத் தாளைக் கையில் எடுத்தார். படத்தைப் பார்க்கவில்லை... மூக்கருகே கொண்டுபோனார்!

"ஏங்க, இது அந்துருண்டை வாசனையில்ல?"

அதுவரை எல்லாரிடமும் கன்னடம் பேசியவர் சட்டென்று தமிழுக்குத் தாவிவிட்டார். வீட்டுச் சண்டைக்கு வீட்டு பாஷைதானே வரும்?

"அது... பழைய பேப்பர் கடையில..."

"கடைக்காரன் ஒரு மடிப்புகூட விழாம வச்சிருந்தானா? பீரோவுல என் பட்டுப்புடவைக்கு அடியில போட்ட பேப்பரை மாத்தாதே, மாத்தாதேன்னு கத்துவீங்களே... இதுக்குத்தானா? கல்யாணமாகி ஒன்பது வருஷம்ங்க!"

தமிழே தெரியாத ஹெட்மிஸ்ட்ரஸுக்கும் எல்லாம் புரிந்துவிட்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு ஹால் முழுக்கச் சிரித்தது. அந்த அம்மாள் மட்டும் சிரிக்காமல் திரும்பினார்.

"மிஸ், திங்கக்கிழமை என் பையன் வருவான். நீங்க கிளாஸ்ல இருக்கணும்."

ஹெட்மிஸ்ட்ரஸ் பேனாவை மூடினார். மாலினி மிஸ் அந்தத் தாளை வாங்கி நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அப்புறம்தான் அழுதார்.

படத்துக்கு நின்றவரை வேலைக்கு வேலை துரத்துகிறோம். அதைப் பதினைந்து வருஷமாகப் பத்திரப்படுத்தியவரை யாராவது ஒரு வார்த்தை கேட்டோமா?

சரி, நீ ஏன் அங்கே வாயைத் திறக்கவில்லை என்கிறீர்களா? மிஸ்ஸை முதல் நாளே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டதே... பக்கத்தில் என் மனைவி வேறு. நான் வாயைத் திறந்திருந்தால், அவள் வீட்டுக்குப் போய் என் பெட்டியைத் திறந்திருப்பாள்!