டிரைவர் வடையைத் தொடவில்லை

கண்டக்டர் வேலை என்றால் டிக்கெட் கிழிப்பதும் விசில் ஊதுவதும்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பாதி நாள் அது நேரங்கெட்ட நேரத்தில் கண்டதையும் தின்கிற வேலை. கை கழுவ நேரம் இருக்காது, ஆனால் வாய்க்கு ஓய்வும் இருக்காது. கடையில் நிற்கிறவர், தறி ஓட்டுகிறவர், ஆபீசில் உட்கார்ந்தே இருக்கிறவர், யாராக இருந்தாலும் சரி, பெல்ட்டின் கடைசி ஓட்டைக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். நாமெல்லாம் ஒரே கட்சி.

நான் திருத்தணி – பொதட்டூர்பேட்டை தடத்தில் ஓடுகிற ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். டிரைவர் பெயர் தனபால். என்னைவிட மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். தங்கமான மனுஷன், ஆனால் உட்கார்ந்தால் வயிறு ஸ்டியரிங்கில் இடிக்கும். இது அந்த வயிற்றின் கதை.

ஒரு வேளை சோறு

அண்ணாவின் ஹெவி லைசென்ஸ் ஆடி மாசக் கடைசியோடு முடிகிறது. புதுப்பிக்க டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டும். சித்திரையிலேயே அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனது நான்தான். காரணம் இருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எடுக்கிற டிரிப்பில் அவருக்குக் கண் சொக்கும். ஒரு நாள் அம்மையார்குப்பம் தாண்டியதும் வண்டி மெல்லத் தார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கியது. ஓடிப்போய்த் தோளைத் தட்டினேன். "ஆங், ஆங், பார்த்துகினுதான் இருக்கேன்" என்றார். எங்கே பார்த்தார்? பின்னால் சீட்டு சீட்டாக ஜனம் உட்கார்ந்திருந்தது.

டாக்டர் எடை பார்த்தார், சுகர் பார்த்தார், பேனாவை மூடிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். இந்த எடையிலும் இந்த சுகரிலும் பஸ் ஓட்டலாம் என்று எழுதித் தர முடியாது, மத்தியானத் தூக்கத்துக்கும் இதுதான் காரணம், இரண்டையும் இறக்கிக்கொண்டு வாருங்கள் என்றார். எங்கள் முதலாளி அதைவிடச் சுருக்கமாகச் சொன்னார்: லைசென்ஸ் இல்லையென்றால் ஷெட்டில் வண்டி கழுவலாம். இருபது வருஷத்துக்கு மேல் ஸ்டியரிங் பிடித்த ஆள். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

ஆனால் டாக்டர் முன்னால் அண்ணா விட்டுக்கொடுக்கவில்லை. "நான் ஒரு வேளைதான் டாக்டர் சோறு துன்றேன்" என்றார். பொய் இல்லை. நம் ஊரில் சோறு மட்டும்தானே சாப்பாடு. காலையில் ஒரு தட்டு இட்லி, டிரிப்புக்கு டிரிப்பு வடையும் டீயும், சாயந்திரம் போண்டா, ராத்திரி பரோட்டா, இதெல்லாம் கணக்கில் வராது. அவர் விட்டுவிட்டதையெல்லாம் நான் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்தேன். அவர் என்னை முறைத்தார். கேட்டுக்கொண்டிருந்த நர்ஸம்மா சொன்னது: "இவரு ஒரு வேளைதான் சாப்பிடறாரு டாக்டர். மத்த நேரமெல்லாம் சும்மா மென்னுகினு இருக்காரு."

பாய் கடையில்

பொதட்டூர்பேட்டையில் பஸ் திரும்புகிற இடத்தில் காதர் பாய் டீக்கடை இருக்கிறது. வண்டி அவர் கடை வாசலில் நிற்கும். நாலு பேர் இறங்கி டீ குடிப்பார்கள். அதற்கு மரியாதையாக டிரைவருக்கும் கண்டக்டருக்கும் டீயும் வடையும் சும்மா. இந்த ஏற்பாட்டை யாரும் பேசி முடிவு செய்ததில்லை, எல்லாத் தடத்திலும் உள்ளதுதான். அந்த வடையை அண்ணா முதல் தடவையாக "வேணாம் பாய்" என்றபோது பாய் தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

எங்களுக்கு அதுவரை தெரியாத ஒன்று அப்போதுதான் தெரிந்தது. பாசஞ்சர்கள் டிரைவர் தின்பதைப் பார்த்துத்தான் வடை வாங்குகிறார்கள். தினமும் தின்கிற ஆளே தொடவில்லையென்றால் எண்ணெயில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். எடுத்த வடையை ஒருத்தர் மெல்லத் தட்டிலேயே திரும்ப வைத்தார். அதைப் பார்த்து இன்னொருத்தர் பிஸ்கட்டுக்கு மாறினார். அந்த வாரம் முழுக்க வடை குவிந்து கிடந்தது. பாய் அண்ணாவை ஓரமாகக் கூப்பிட்டு விசாரித்தார். லைசென்ஸ் விஷயத்தைக் கேட்டு நிஜமாகவே வருத்தப்பட்டார். அப்புறம் தோளில் கை போட்டுச் சொன்னார்: "தனபாலு, நீ துன்ன வேணாம்பா. கையில மட்டும் புடிச்சிகினு நில்லு."

பஸ் முழுக்க வைத்தியர்

அண்ணாவும் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் சுடச்சுட வடை, பக்கத்திலேயே வாய். என்ன நடந்தது என்று நம் கட்சிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வேறு வழி தெரியாமல் நான் பஸ்ஸிலேயே சத்தம் போட்டு அறிவித்துவிட்டேன்: டிரைவருக்கு யாரும் எதுவும் தின்னக் கொடுக்காதீர்கள், அவர் உடம்பைக் குறைக்காவிட்டால் லைசென்ஸ் போய்விடும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அன்றிலிருந்து டிக்கெட்டுக்குக் கை நீட்டினால் வைத்தியம் வந்தது. வெந்தயத்தை ஊறவைக்கச் சொல்லு, கொள்ளுக் கஞ்சி குடிக்கச் சொல்லு, பாகற்காய்ச் சாறு, சுடுதண்ணியில் தேன். எல்லாவற்றையும் காதில் வாங்கிய அண்ணா, அதில் ரொம்ப சுலபமானதைப் பிடித்துக்கொண்டார். காலையில் ஒன்றுமே தின்னாமல் வண்டி எடுப்பது.

பத்து மணிக்கெல்லாம் கை நடுங்கும். கியர் கரகரவென்று அழும். வேகத்தடையைத் திட்டுவார், ரோட்டில் போகிற ஆட்டைத் திட்டுவார், ஆட்டுக்காரனை விட்டுவிடுவார். பிரேக் போட்டால் நிற்கிறவர்கள் எல்லாரும் என்மேல் வந்து விழுவார்கள். மத்தியானம் பசி வெறியில் ரெண்டு ஆள் சாப்பாட்டை ஒரே ஆளாக முடித்துவிட்டு மறுபடியும் சொக்குவார். கன்னியம்மா என்று ஒரு அம்மா, திருத்தணியில் பூ விற்கிறவர், தினமும் கூடையோடு முன் சீட்டில் வருவார். ஒரு நாள் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்: "அந்த மனுசனுக்கு ஏதாச்சும் வாங்கிக் குடு நைனா. நாங்க வூடு போயி சேரணும்."

கேரியர்

மறுபடியும் டாக்டர். பட்டினி கிடக்கச் சொன்னது யார் என்று கத்தினார். அண்ணா கூசாமல் என்னைக் காட்டினார். டாக்டர் இந்தத் தடவை பொறுமையாகச் சொன்னார். மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். தட்டில் பாதி காயும் கீரையும், மீதியில் பருப்போ முட்டையோ, சோறு கொஞ்சம். நடுவில் பசித்தால் சுண்டல். டீயில் சர்க்கரை கூடாது, தான் எழுதிக் கொடுத்த சுகர் மாத்திரையை நிறுத்தக் கூடாது, அள்ளிப் போட்டு விழுங்கக் கூடாது. கேட்க ரொம்ப சாதாரணமாக இருந்தது. ஏதாவது கஷ்டமாகச் சொல்வார் என்று எதிர்பார்த்த அண்ணாவுக்கு ஏமாற்றம்.

கஷ்டம் வீட்டில் இருந்தது. ரேவதி அண்ணி அழுதேவிட்டார். புருஷனுக்குச் சோற்றைக் குறைத்துப் போடுகிறாள் என்று தெருவில் பேசமாட்டார்களா? ரெண்டு நாள் மூக்கைச் சிந்தினார், அப்புறம் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். அவர்கள் வீட்டுக் கேரியரில் கீழ் அடுக்கு பெரியது. அதில் எப்போதும் சோறு, மேலே குட்டி அடுக்கில் ஒரு கரண்டி பொரியல். அண்ணி அதைத் தலைகீழாக மாற்றினார். கீழே காயும் கீரையும், மேலே குட்டி அடுக்கில் சோறு. கேரியர் அதே உயரம், அதே கனம். தெருவுக்கும் திருப்தி. முதல் நாள் ஸ்டாண்டில் அண்ணா அதைத் திறந்தபோது பக்கத்து வண்டி டிரைவர் எட்டிப் பார்த்துக் கேட்டார்: "இன்னா தனபாலு, மாட்டுக்கு வெச்சத மாத்திக் குடுத்தனுப்பிட்டாங்களா?"

சாமி பொங்கல்

பஸ்ஸில் கொடுக்கிறது நின்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். நெசவுக்காரர் வீட்டில் கல்யாணம் என்றால் லட்டு வரும். திருவாலங்காட்டுப் பக்கம் போய் வருகிற ஆள் கரும்பு கொண்டு வருவார். எல்லாம் அண்ணா பக்கத்தில் இன்ஜின் மூடி மேல் வந்து உட்காரும். கன்னியம்மா பூ விற்று முடித்து மத்தியானம் திரும்பும்போது மலைக்கோயில் பொங்கல் கொண்டு வருவார், நெய் கையில் ஒட்டும். டாக்டர் வேண்டாம் என்றார் என்றால், "சாமிது, ஒடம்புல ஒட்டாது" என்பார். சாமி விஷயத்தில் யார் வாதம் செய்வது? அண்ணா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பின்னால் என் பக்கம் நீட்டிவிடுவார்.

எனக்கோ எதையும் வீணாக்கிப் பழக்கமில்லை. ஆனி மாசம் காக்கிச் சட்டையின் நடு பட்டன் டிக்கெட் கொடுக்கும்போதே தெறித்தது. அதே வாரத்தில் அண்ணாவின் சட்டை தொளதொளவென்று ஆகியிருந்தது. ரெண்டு பேர் துணியையும் எடுத்துக்கொண்டு தையல்காரரிடம் போனேன். அவர் ரெண்டையும் விரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவரு துணிய புடிச்சித் தெக்கணும், உன் துணிய பிரிச்சி வுடணும். ரெண்டு பேரும் சட்டைய மாத்திக்கினா எனக்கு இன்னா வேலை?"

பாயின் முடிவு

வடை விஷயத்தைப் பாய் தானாகத்தான் தீர்த்தார். டிரைவர் கையில் ஏதாவது இருக்க வேண்டும், அதை அவர் தின்னவும் வேண்டும், இல்லையென்றால் கடை ஓடாது. ஒரு நாள் பார்த்தால் வடைத்தட்டுக்குப் பக்கத்தில் ஒரு குண்டானில் கொண்டக்கடலை சுண்டல், மேலே வெங்காயம், மாங்காய்த் துருவல். அண்ணா கடை வாசலில் நின்று ஒவ்வொன்றாக மென்று தின்றார். பாசஞ்சர்கள் பார்த்தார்கள். அடுத்த வாரம் குண்டான் பெரிதானது. வடையும் திரும்ப விற்க ஆரம்பித்தது, அது வேறு விஷயம். இந்த மாற்றத்தில் ரொம்ப சந்தோஷப்பட்டது பாய்தான்: "வடைன்னா அடுப்பாண்ட நின்னுகினே இருக்கணும். கடலைய தண்ணில போட்டுட்டு நான் போய்த் தூங்கிடறேன், அது பாட்டுக்கு ஊறிகினு கெடக்குது."

கையெழுத்து

ஆடி பிறந்ததும் போனோம். எடை டாக்டர் சொன்ன அளவுக்கு முழுசாக இறங்கவில்லை, ஆனால் நன்றாக இறங்கியிருந்தது. சுகர் கட்டுக்குள் வந்திருந்தது. டாக்டர் பேனாவைத் திறந்தார். அண்ணா மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. வெளியே வரும்போது அவர் முகத்தில் ஒரு விடுதலை. "இன்னிக்கு ஒரு நாளு பரோட்டா துன்னலாம்டா" என்று என் காதில் சொன்னது, கதவு வரைக்கும் வந்த டாக்டருக்கும் கேட்டுவிட்டது. அவர் சிரிக்கவில்லை: "கையெழுத்து நான் இன்னிக்குப் போட்டேன். வாய் நாளைக்கும் உங்ககிட்டதான் இருக்கும்."

கிருத்திகை அன்று

ஆடிக் கிருத்திகைக்கு ஊரே மஞ்சள். வழி நெடுகக் காவடி, வழி நெடுக அன்னதானப் பந்தல். பஸ் கொஞ்சம் மெதுவாகப் போனால் போதும், ஜன்னல் வழியாகப் பொட்டலம் உள்ளே வரும். புளியோதரை, சர்க்கரைப் பொங்கல், தயிர்சாதம். முதல் பொட்டலம் டிரைவருக்குத்தான். அண்ணா ஒன்றையும் மறுக்காமல் வாங்கி இன்ஜின் மூடி மேல் அடுக்கினார். கையெழுத்து கிடைத்தாகிவிட்டது, இனி கேட்பதற்கு ஆளில்லை. நான் கூட்டத்தில் பின்னால் மாட்டிக்கொண்டு அந்த அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு அவர் சொக்கினால் முன்னால் போய்த் தட்டி எழுப்ப வழியே இல்லை. பயமாகத்தான் இருந்தது.

மத்தியானம் தற்காலிக பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தினார். பொட்டலங்களை அப்படியே வாரி எடுத்துப்போய், நடந்து வந்திருந்த காவடிக்காரர்களிடம் கொடுத்தார். திரும்பி வந்து கேரியரைத் திறந்தார்.

அடுத்த டிரிப்பில், அம்மையார்குப்பத்துக்கு முன்னால், ரோட்டோரம் நடந்து வந்த கூட்டத்திலிருந்து மஞ்சள் பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண் அம்மா கையை உதறிவிட்டு எதிரில் இருந்த மோர்ப் பந்தலுக்கு ஓடியது. பஸ்ஸுக்குக் குறுக்கே. பிரேக் விழுந்தது. நின்றவர்கள் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள், நான் கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் குழந்தை கண்ணாடிக்கு நேர் கீழே நின்று எங்களை அண்ணாந்து பார்க்கிறது. அம்மாக்காரி ஓடிவந்து முதுகில் ஒன்று வைத்தாள், அப்புறம் அதைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

எப்படியோ இடித்துப் பிடித்துக்கொண்டு முன்னால் போனேன். அண்ணா இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் ரெண்டு கையையும் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். குடித்தார். வாட்சைப் பார்த்தார். மற்ற வருஷமாக இருந்தால் அவருக்குக் கண் சொக்குகிற நேரம் அது. என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "போன வருசமா இருந்தா, அந்தக் கொயந்த குறுக்க வந்ததே எனக்குத் தெரிஞ்சிருக்காதுடா."

ஒரு மனுஷன் வாயைக் கட்ட எங்களுக்கு ஒரு பஸ் நிறைய ஜனம் தேவைப்பட்டது. பஸ் இல்லாதவர்கள் எப்படித்தான் சமாளிக்கிறீர்களோ, எனக்குத் தெரியவில்லை.