கருப்பு நூல் இருக்கும் பக்கம்

ஆய்வகத்தில் குடல் கண்ணாடிக்குள் ஏறும்வரை அவர் யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை. துறைத்தலைவரே வந்து நின்றாலும், "இது இன்னும் உயிரோட இருக்கு சார், நீங்க அப்புறம்" என்பார். பனிக்கட்டியில் வந்த பன்றியின் பெருங்குடலை ஒரு சாண் வெட்டி, கழுவி, இடுக்கியால் தசையை உரித்து, வெங்காயத்தோல் கனத்தில் உட்படலத்தை மட்டும் பிரிப்பார். சாணம் படும் பக்கத்து ஓரத்தில் ஒரு கருப்பு நூல் முடிச்சு. பிறகு இரண்டு சின்னக் கண்ணாடி அறைகளுக்கு நடுவே திரைபோல் மாட்டுவார். நூல் பக்கம் அமிலம் ஊற்ற வேண்டும்; மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று அளக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இதுதான் வேலை. பெயர் மறந்து எல்லோருக்கும் 'குடலக்கா' ஆகிவிட்டார்.

அந்த அமிலத்துக்குக் கெட்டுப்போன வெண்ணெயும் வாந்தியும் சேர்ந்த நாற்றம். பேருந்தில் அவருக்கு எப்போதும் இரண்டு இருக்கை. வீட்டுக்காரர் வாசலிலேயே மறிப்பார்: "பன்னியை வெளியில விட்டுட்டு வா."

"அது சோறு போடுது. நீ என்ன போடுற?"

விளக்கம் கேட்டால் சுருக்கமாகச் சொல்வார். "பன்னி தீவனத்துல இருக்குற நாரைத் தின்னுது. கிருமிங்க அதைப் புளிக்க வெச்சு அமிலமாக்குது. பெருங்குடல் அதை உறிஞ்சி முதல்ல தன் வயித்தைப் பார்த்துக்குது, மிச்சம்தான் உடம்புக்கு. நம்ம டிபார்ட்மென்ட் மாதிரியே."

நேற்று, நூல் கட்டி முடித்த நேரத்தில் மகளின் பள்ளியிலிருந்து அழைப்பு. ஒரு மணி நேரம் போய்வந்தார். அதற்குள் தீவன ஆலைக்காரர்கள் மூவர் வந்துவிட, துறைத்தலைவரான பேராசிரியர் தம் கையாலேயே படலத்தை மாட்டிக் காட்டியிருக்கிறார். இடுக்கி பிடித்து எத்தனை ஆண்டாயிற்றோ.

"பாத்தீங்களா, சொட்டுகூடக் கடக்கல. இந்த இனத்துக்கு நார் தண்டம். தாராளமாக் குறைச்சிடலாம்" என்று அவர் சொல்ல, மூவரும் எழுதிக்கொண்டார்கள். எத்தனை பட்டியில் எத்தனை ஆயிரம் பன்றிகளின் தொட்டியில் அந்த ஒரு வரி விழும் என்பது குடலக்காவுக்குத் தெரியும்.

"சார், நூல் அந்தப் பக்கம் இருக்கு. தலைகீழா மாட்டிட்டீங்க."

"ஏம்மா, வந்தவங்களுக்கு டீ சொல்லுங்க."

குடலக்கா டீ சொல்லவில்லை. திருகாணியைக் கழற்றினார். படலத்தைத் திருப்பினார், மாட்டினார், நூல் பக்கம் புதிதாக அமிலம் ஊற்றினார். "முக்கால் மணி நேரம் ஆகும்" என்று பேராசிரியரின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூவரும் கைக்குட்டையைத் தேடினார்கள். அமிலப் புட்டி மேசையில் திறந்தபடி இருந்தது. மூடி குடலக்காவின் மேலங்கிப் பைக்குள் போயிருந்தது.