முப்பத்திரண்டுக்கு மேல் எண்ணத் தெரியாத கர்னல்

தம்பி தெளிவாகச் சொல்லிவிட்டான். "இந்த ஆர்டர் கெடைச்சா இங்கயே இருக்கேன்க்கா. இல்லன்னா பாரிஸ் போறேன்." எங்கள் அப்பா ஃபிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா, எங்களுக்கும் ஃபிரெஞ்சு பாஸ்போர்ட்தான். அவன் போக ஒரு தடையும் இல்லை. எனக்கோ அவன் இல்லாமல் புதுச்சேரி தட்டாஞ்சாவடிப் பட்டறையை நடத்தத் தெம்பில்லை.

பிளாஸ்டிக் மோல்டு எந்த இடத்தில் விரிசல் விடும் என்று கணினியில் கணக்குப் போட்டுச் சொல்வது எங்கள் தொழில். அதற்காக அறுபத்து நான்கு கோர், அதாவது ஒரே நேரத்தில் கணக்குப் போடும் அறுபத்து நான்கு மூளை, உள்ள பழைய சர்வர் ஒன்றை வாங்கிப் போட்டோம். எங்கள் மென்பொருளோ ஒரு சின்ன இலவச இயங்குதளத்தில் மட்டும்தான் ஓடும். அதன் கர்னல்தான் கோர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் மேஸ்திரி. அந்த மேஸ்திரிக்கு முப்பத்திரண்டுக்கு மேல் எண்ணத் தெரியாதாம்! பாதி மெஷின் சும்மா கிடந்தது. கெடுவுக்குள் கணக்கை முடித்துக் கொடுத்தால்தான் தம்பி சொன்ன அந்த ஆர்டர் எங்களுக்கு.

கர்னலை எழுதுகிறவர்கள் ஃபிரான்சில் இருக்கும் தன்னார்வலர்கள். கூடுதல் கோர்களுக்கு வழிசெய்யச் சொல்லி மெயில் எழுதினேன். அப்பா கான்சுலேட்டுக்கு எழுதுவாரே, அதே மாதிரி. 'மேன்மை தங்கிய ஐயா, தங்கள் சமூகத்துக்கு விண்ணப்பித்துக்கொள்ளும் பெருமை எனக்கு உண்டு' என்று ஃபிரெஞ்சில் பத்தி பத்தியாக வணக்கம். கோர் விஷயம் கடைசியில். புதுச்சேரிக்காரிக்கு வேறு எப்படி விண்ணப்பம் எழுதத் தெரியும்?

பதிலே இல்லை. "வந்துச்சாக்கா?" என்று தம்பி தினமும் கேட்டான். வெறுத்துப்போய் அவர்களுடைய சாட்டில் நுழைந்து, வணக்கம்கூடச் சொல்லாமல் கேட்டேன். ஒருவன் தேடிப் பார்த்தான். என் மெயில் ஸ்பாமில் கிடந்ததாம். இவ்வளவு மரியாதையைப் பார்த்ததும், சொத்து எழுதி வைக்கிறேன் என்று ஏமாற்றுகிற கும்பல் என நினைத்துவிட்டார்களாம். அடக் கடவுளே! "சோதித்துப் பார்க்க அத்தனை கோர் உள்ள மெஷின் எங்களிடம் இல்லை, பார்க்கலாம்" என்றான். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அரசாங்க ஆபீஸ் வாசலில் நின்ற எவருக்கும் தெரியும்.

கணக்கு ஆமையாய் ஊர்ந்தது. கெடு தாண்டி, ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போனது. தம்பி சண்டைகூடப் போடவில்லை, போட்டிருந்தால் தேவலை. பெட்டி கட்டினான்.

அவன் பாரிஸ் போன பிறகு கர்னல்காரர்களிடமிருந்து ஒரு மெயில். புதுக் கர்னல் தயார், போட்டுப் பாருங்கள் என்று. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்! ஆனாலும் போட்டேன். அறுபத்து நான்கும் ஓடின. ஆத்திரமும் சந்தோஷமுமாகத் தம்பிக்குப் போன் செய்தேன்.

"எல்லா கோரும் ஓடுதுடா!"

"அப்படியாக்கா, சூப்பர்," என்றான். பின்னால் ரயில் அறிவிப்பு கேட்டது. "வேலைக்குப் போயிட்டிருக்கேன்க்கா. ஞாயித்துக்கெழம பேசட்டா?"